கைலிக்குள் மறைத்த வீக்கம்: குடலிறக்கத்தைக் கண்டுபிடிப்பது முதல் ஒப்பரேஷன் வரை

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் இந்த நோய்க்கு யாரும் பெயர் சொல்ல மாட்டார்கள். "அவருக்கு அது இருக்கு" என்று கண்ணைத் தாழ்த்துவார்கள். எங்கள் பாட்டிமார் "வாயு இறங்கிடுச்சு" என்றார்கள். மலாய்க்கார நண்பர்கள் "ஆங்கின் பாசாங்" என்கிறார்கள். இரண்டு இனமும் பழியைக் காற்றின் மேல்தான் போடுகிறது. உள்ளே இருப்பது காற்று இல்லை. குடல் இருக்கும், இல்லாவிட்டால் குடலை மூடியிருக்கும் கொழுப்பு இருக்கும். தமிழில் குடலிறக்கம், மலாயில் 'புருட்', ஆஸ்பத்திரித் தாளில் 'ஹெர்னியா'.

நான் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அதில் பாதி வருடங்கள் ஒப்பரேஷன் அறையில் கழிந்தன. ஆனால் குடலிறக்கத்தை நான் முதலில் பார்த்தது வீட்டில். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். தோள் கம்பின் இரண்டு பக்கமும் காண்டா வாளி தொங்க மேடேறி இறங்கி, கவட்டையில் கோழிமுட்டை அளவு வீக்கம் வந்திருந்தது. ஏழு வருடம் கைலிக்குள் துணிப்பட்டை கட்டி மறைத்தார். ஒரு முறை தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசரிடம் வயிற்று வலி என்று மட்டும் சொல்லி, வாயு மருந்து வாங்கி வந்தார். கைலியை அவிழ்த்துக் காட்டவில்லை, டிரசரும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு நடுராத்திரி பச்சையாக வாந்தி எடுத்தபோது லோரியில் ஏற்றிக்கொண்டு போனோம். கறுத்துப்போன குடலில் முக்கால் முழம் வெட்டி எடுத்தார்கள். பிழைத்தார்.

பகலில் நடந்து போய், மாலையில் எழுந்து உட்கார்ந்து தேநீர் குடிக்கக்கூடிய ஒப்பரேஷன் அது. அதை நடுராத்திரி வரை தள்ளியது வெட்கம்தான். ஆகவே இங்கே எழுதுவதில் காட்டுவது, தடவிப் பார்ப்பது, முடிவெடுப்பது ஆகியவற்றுக்கும் கத்திக்குக் கொடுக்கிற அளவு இடம் கொடுக்கிறேன்.

உர மூட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்

தோட்டத்துக்கு வரும் உர மூட்டை வெளியே நெய்த சாக்கு, உள்ளே பிளாஸ்டிக் பை. வெளிச்சாக்கில் ஒரு இடம் நைந்துபோனால் அதன் வழியே உள்பை குமிழாகப் பிதுங்கும், உரமும் அதற்குள் வந்து உட்காரும். வயிறும் அப்படித்தான். தசையும் நாரும் வெளிச்சாக்கு. பெரிட்டோனியம் என்ற மெல்லிய உறை உள்பை. குடல் உரம். மூட்டையைத் தூக்கும்போது பிதுக்கம் பெரிதாகும், படுக்க வைத்தால் உள்ளே போகும். கிழிந்த சாக்கு தானாகத் தைத்துக்கொள்ளாது என்பதால் இந்த நோய்க்குக் கஷாயமும் மாத்திரையும் இல்லை.

சாக்கு எங்கே நைகிறது என்பதை வைத்துத்தான் பெயர். நான்கில் மூன்று பங்கு கவட்டையில் வருவது. ஆணின் விதை கருவில் வயிற்றுக்குள் உருவாகி, பிறப்பதற்கு முன் கவட்டை வழியே கீழிறங்குகிறது. அது வந்த வழி சரியாக மூடாமல் போனால் அதே தடத்தில் குடல் இறங்கும். இதை மறைமுக வகை என்பார்கள். விதைப்பை வரைகூட வரும். வயதான பின் அந்த வழியின் பின்சுவர் தளர்ந்து நேராக முன்னால் பிதுங்குவது நேரடி வகை. ஆண்களில் நான்கில் ஒருவருக்காவது வாழ்நாளில் ஒரு முறை கவட்டைக் குடலிறக்கம் வருகிறது. பெண்களுக்கு நூற்றில் 3 பேர் அளவுதான்.

பெண்களுக்குக் குறைவு என்பதில் ஒரு பொறி இருக்கிறது. கவட்டை மடிப்புக்குக் கீழே, தொடை தொடங்கும் இடத்தில் வரும் தொடைக் குடலிறக்கம் பெண்களில்தான் அதிகம். அதன் வாய் குறுகியது, ஓரங்கள் இறுகியவை. சிறிய நெல்லிக்காய் மாதிரி இருக்கும், நெறிகட்டி என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுவார்கள். குடல் நெரிபடுவது இதில்தான் மிக அதிகம். அம்மாவோ அத்தையோ "இடுக்கில் ஒரு கட்டி" என்று சொன்னால் அன்றைக்கே கூட்டிப்போங்கள்.

அடுத்தவை தொப்புளில் வருவது, தொப்புளுக்கு மேலே நடுக்கோட்டில் வருவது, பழைய ஒப்பரேஷன் தழும்பில் வருவது. வயிற்றைத் திறந்து செய்த ஒப்பரேஷனுக்குப் பின் தழும்பு வழியே பிதுங்குவது அபூர்வம் இல்லை, பத்தில் ஒருவருக்காவது வரும். சம்சு சாராயம் குடித்து ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கட்டியவர்களுக்குத் தொப்புள் பிதுங்கும். அங்கே முதல் வைத்தியம் ஈரலுக்கு, தொப்புளுக்கு அல்ல.

கைக்குழந்தைக்குத் தொப்புள் பிதுங்கினால் பெரும்பாலும் 4, 5 வயதுக்குள் தானாக மூடிவிடும். காசை வைத்துக் கட்டுவது நம் பழக்கம். அதனால் மூடியது என்பதற்கு ஆதாரம் இல்லை, தோல் புண்ணாவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் குழந்தையின் கவட்டையில் வந்தால் அது வேறு கதை. தானாக மூடாது, சிறுசுகளில் சீக்கிரம் சிக்கிக்கொள்ளும், ஆகவே சில வாரங்களுக்குள் செய்ய வேண்டும். பெரியவர்களுக்கு ஒட்டுப்போடுவது போல் வைக்கும் வலை எதுவும் அதற்கு வேண்டாம், பையை மட்டும் கட்டி எடுத்தால் போதும்.

முதல் படி: வீட்டில், கண்ணாடி முன்னால்

கதவைச் சாத்திக்கொண்டு நில்லுங்கள். படுத்துக்கொண்டு பார்த்தால் பாதிப் பேருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு பக்கக் கவட்டையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வாயை மூடி முக்குங்கள், பிறகு பலமாக இருமுங்கள். விரல் நுனிகளை மடிப்பின் மேல் வைத்துக்கொண்டு இருமினால், உள்ளிருந்து ஏதோ வந்து தட்டுவது போலிருக்கும். அதுதான் முதல் அடையாளம்.

அடுத்து மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். வீக்கம் தானாகவோ மெதுவாகத் தடவினாலோ உள்ளே போகிறதா? போகும்போது 'களக்' என்று சத்தம் வந்தால் உள்ளே இருப்பது குடல். எத்தனை நாளாக இருக்கிறது, எந்த வேலையில் பெரிதாகிறது, வலி எப்போது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே நாள்பட்ட இருமல் உண்டா, மலம் முக்கித்தான் போகிறதா, சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருகிறதா என்பதையும் எழுதுங்கள். இவை மூன்றும் சாக்கை உள்ளிருந்து தள்ளும் கைகள். சாக்கைத் தைத்துவிட்டு அந்தக் கைகளை விட்டுவைத்தால் தையல் நிற்காது.

விடியும் வரை பொறுக்கக் கூடாத நேரம்

வழக்கமாக உள்ளே போகிற வீக்கம் போகவில்லை. கல் மாதிரி இறுகிவிட்டது. தொட்டால் தாங்கவில்லை. வயிறு ஊதி, வாந்தி வருகிறது, காற்றும் பிரியவில்லை. மேலே தோல் சிவந்தோ கருநீலமாகவோ இருக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது. இவை எல்லாம் சேர்ந்து வரும் வரை காத்திருக்காதீர்கள். இறுகிய வீக்கமும் வலியும் இருந்தாலே போதும், கிளம்புங்கள்.

சிக்கிய குடலுக்கு ரத்தம் போகாவிட்டால் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். கிளம்பும் முன் சோறோ தேநீரோ மைலோவோ கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்கும்போது அது நெஞ்சுக்குள் ஏறும். எண்ணெய் தடவி உருவிவிடும் கைகளை அருகில் விடாதீர்கள். செத்துப்போன குடலை வயிற்றுக்குள் தள்ளிவிட்டால் வலி கொஞ்சம் குறைந்தது போலிருக்கும், உள்ளே விஷம் பரவும். நேராக அவசரப் பிரிவு. ஆம்புலன்சுக்கு எண் 999.

கிளினிக்கில் என்ன நடக்கும்

அவசரம் இல்லாவிட்டால் முதலில் போகவேண்டியது அரசாங்க கிளினிக், நம் ஆட்கள் 'கிளினிக் கேசிஹாத்தான்' என்பது. குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்). ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: வயிற்று வலி என்று சொல்லி நிறுத்தாதீர்கள், "கவட்டையில் வீக்கம் இருக்கிறது, பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள். ஆண் மருத்துவரோ பெண் மருத்துவரோ வேண்டுமென்றால் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு முறை ஒரு பெரியவர் பேசவே கூச்சப்பட்டு நின்றார். "ஐயா, நான் பார்க்காததா உங்க கிட்ட இருக்கு?" என்றேன். சிரித்துவிட்டு அவிழ்த்தார்.

நல்ல மருத்துவர் நிற்க வைத்தும் படுக்க வைத்தும் பார்ப்பார். விதைப்பை வீங்கியிருந்தால் முதல் கேள்வி, வீக்கத்துக்கு மேலே விரலைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடிகிறதா என்பது. முடிந்தால் அது விதைப்பைக்குள்ளேயே தொடங்கும் வீக்கம், பெரும்பாலும் நீர் கோர்த்த ஓதம். டார்ச் லைட்டை வைத்தால் சிவப்பாக ஒளி ஊடுருவும். விரல் மேலே போக இடமில்லாவிட்டால் வயிற்றிலிருந்து இறங்கியது.

பிறகு வீக்கத்தை உள்ளே தள்ளிவிட்டு, இடுப்பெலும்பு முனைக்கும் மறைவிட எலும்புக்கும் நடுவில் சற்று மேலே விரலால் அடைத்துக்கொண்டு இருமச் சொல்வார். அடைத்தும் வந்தால் நேரடி வகை, வராவிட்டால் மறைமுக வகை. இந்தச் சோதனை அவ்வளவு நம்பகமானது அல்ல என்று அறுவை மருத்துவர்களே சொல்வார்கள், எப்படியும் உள்ளே போனால் தெரிந்துவிடும். மருத்துவ மாணவர்களைத் திணறடிக்கத்தான் அதிகம் பயன்படுகிறது.

முக்கியமானது இதே இடத்தில் வரும் மற்றவற்றைப் பிரித்துப் பார்ப்பது. நெறிகட்டி இருமினால் தட்டாது. கொழுப்புக்கட்டி தோலோடு நகரும். தொடையில் புடைத்த ரத்தக்குழாய் படுத்தால் மறையும், அதனால் ஏமாற்றும். காசநோய் முதுகெலும்பிலிருந்து சீழாகக் கவட்டைக்கு இறங்குவதும் உண்டு. பையனுக்குத் திடீரென்று விதையில் கடும் வலி என்றால் அது குடலிறக்கமாக இருக்காது, விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம், 6 மணி நேரத்துக்குள் திருத்தவேண்டும்.

ஸ்கேன் எல்லாருக்கும் வேண்டாம். கண்ணுக்கும் கைக்கும் தெரிகிற கவட்டைக் குடலிறக்கத்துக்கு விரலே போதும். வலி இருக்கிறது, வீக்கம் தெரியவில்லை என்றால் அல்ட்ராசவுண்ட். உடம்பு பெருத்தவர்கள், தழும்பில் வந்தவர்கள், ஏற்கெனவே செய்து திரும்ப வந்தவர்கள் ஆகியோருக்கு சி.டி. ஸ்கேன். தழும்புக் குடலிறக்கத்தில் ஓட்டையின் அகலத்தைச் சென்டிமீட்டரில் அளந்தால்தான் எந்த ஒப்பரேஷன் என்று முடிவு செய்ய முடியும்.

கிளினிக்கில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் கடிதம், 'சுராட் ருஜுக்கான்', எழுதித் தருவார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார் அல்லது ஈப்போ, எங்கே என்பது அன்றைய ஏற்பாட்டைப் பொறுத்தது. நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி. வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்குக் கட்டணம் பல மடங்கு. உங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் வங்காளதேசத் தம்பிக்கு இது வந்தால், முதலில் அலுவலகக் குமாஸ்தாவான கிராணியிடம் அவருடைய காப்புறுதித் தாளைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

பொறுக்கலாமா, உடனே செய்யலாமா

"வலிக்கலை, எதுக்குக் கத்தி?" நியாயமான கேள்வி. இதற்கு நேரடியாக ஒரு ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் தொந்தரவு குறைந்த கவட்டைக் குடலிறக்கம் உள்ள 720 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே ஒப்பரேஷன் செய்தார்கள், மறு பாதியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முடிவு 2006ல் வெளிவந்தது. பொறுத்திருந்தவர்களில் திடீரென்று சிக்கிக்கொண்டவர்கள் ஆண்டுக்கு ஆயிரத்தில் 2 பேருக்கும் குறைவு. ஆகவே பொறுப்பது ஆபத்தான காரியம் இல்லை. ஆனால் அதே ஆட்களைத் தொடர்ந்து கவனித்ததில், 10 வருடத்துக்குள் மூன்றில் இரண்டு பேர் வலி தாங்காமல் தாங்களே வந்து செய்துகொண்டார்கள்.

இதை நான் இப்படிப் படிக்கிறேன்: வீட்டில் உட்கார்ந்திருக்கும் எழுபது வயதுக்காரருக்கு, உள்ளே போய் வருகிற, வலிக்காத வீக்கம் என்றால் பொறுக்கலாம். செம்பனைக் குலை தூக்குகிற நாற்பது வயதுக்காரர் பொறுக்க வேண்டாம். குலை 20 கிலோவுக்கு மேலும் வரும். அரிவாளைக் கட்டிய நீண்ட கம்பை அண்ணாந்து இழுக்கும் ஒவ்வொரு முறையும் வயிறு முக்குகிறது. ஆராய்ச்சியில் சேர்ந்தவர்கள் இந்த வேலையைச் செய்தவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். பெண்களின் கவட்டை வீக்கத்துக்கும் தொடைக் குடலிறக்கத்துக்கும் பொறுக்கும் பேச்சே இல்லை.

பெல்ட்? பார்மசியில் விற்கிறது. தேதி வரும் வரை கொஞ்சம் ஆறுதல் தரும். குடலை உள்ளே தள்ளிவிட்டுத்தான் கட்டவேண்டும், வெளியே இருக்கும்போது அதன் மேல் கட்டினால் நீங்களே நெரிக்கிறீர்கள். அப்பா கட்டிய துணிப்பட்டை அதைத்தான் செய்தது.

உடம்பைத் தயார் செய்வது

தேதி இரண்டு மாதமோ ஆறு மாதமோ தள்ளி வரலாம். அந்த இடைவெளி வீண் இல்லை. சிகரெட்டைக் குறைந்தது 4 வாரத்துக்கு முன்பே நிறுத்துங்கள். புகை தையலை ஆறவிடாது, ஒப்பரேஷனுக்குப் பின் வரும் இருமல் தையலை இழுக்கும். நம் வீடுகளில் இனிப்பு நீர் இல்லாதவரைத் தேட வேண்டியிருக்கிறது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை, 'எச்.பி.ஏ.1.சி.', 8க்கு மேல் இருந்தால் அவசரமில்லாத ஒப்பரேஷனைத் தள்ளிப்போடுவது வழக்கம். தொப்புளிலும் தழும்பிலும் வந்தவர்கள் எடையைக் குறைத்தாக வேண்டும். பெரிய தொப்பையில் தைத்தால் அது திரும்ப விடும்.

ரத்தத்தை இளக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, நாட்டு மருந்து எதுவானாலும் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். சிலவற்றைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். வலைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா என்று நிபுணர் கிளினிக்கிலேயே கேட்டுவிடுங்கள். கட்ட வேண்டியிருந்து கையில் இல்லையென்றால், ஆஸ்பத்திரியின் சமூக நலப் பிரிவிடம் சம்பளச் சீட்டோடு போகலாம்.

முந்தின நாள் குளித்து, கவட்டை முடியை வீட்டில் பிளேடால் வழிக்காமல் வாருங்கள். பிளேடு தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் போடும், அங்கே கிருமி ஏறும். ஆஸ்பத்திரியிலேயே மெஷினால் வெட்டிவிடுவார்கள். திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும்.

ஒப்பரேஷன் அறையில்: திறந்து செய்வது

1884ல் இத்தாலியின் பாதுவா நகரில் எதுவார்தோ பசினி என்பவர்தான் கவட்டையின் அடுக்குகளைச் சரியாகப் புரிந்துகொண்டு தைக்கத் தொடங்கினார். நூறு வருடம் அவர் வழிதான். குறை ஒன்றுதான்: தளர்ந்த தசையை இழுத்துத் தைப்பதால் இறுக்கம், இறுக்கத்தால் வலி, பல பேருக்குத் திரும்ப வருவது. 1980களில் அமெரிக்காவின் இர்விங் லிக்டன்ஸ்டைன் இழுக்காமல் ஒட்டுப்போடுகிற வழியைக் கொண்டுவந்தார். கிழிந்த சாக்கின் வாயை இழுத்துக் கட்டாமல் மேலே ஒரு துண்டுச் சாக்கு வைத்துத் தைப்பது போல. திறந்து செய்வதில் இன்று உலகம் முழுதும் அதிகம் நடப்பது இதுதான்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைப்பார்கள். நீங்கள் விழித்திருப்பீர்கள், வலி தெரியாது, யாரோ இழுப்பது மட்டும் தெரியும். இதயம் பலவீனமானவருக்கு அந்த இடத்தில் மட்டும் மரப்பு மருந்து போட்டும் செய்யலாம்.

கவட்டை மடிப்புக்குச் சற்று மேலே 5, 6 சென்டிமீட்டர் வெட்டு. தோல், கொழுப்பு, அதற்குள் ஒரு மெல்லிய படலம். அதையும் தாண்டினால் வெள்ளை வெளேரென்று பளபளக்கும் நார்த்தகடு. முதல் முறை பார்த்தபோது ஊறவைத்த பனை ஓலை மாதிரி இருந்தது எனக்கு. அதை நார் ஓடும் திசையிலேயே பிளந்தால் கவட்டைக் கால்வாய் திறக்கும்.

இங்கே அறுவை மருத்துவர் வேகத்தைக் குறைக்க வேண்டும். நூல் மாதிரி மூன்று நரம்புகள் இந்த இடத்தில் ஓடுகின்றன. அவற்றை அடையாளம் கண்டு காப்பாற்றாவிட்டால், அல்லது தையலில் சிக்கிவிட்டால், மாதக்கணக்கில் எரிச்சலும் குத்தலும். குடலிறக்கம் குணமாகி வலி மட்டும் நிற்கிறவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர். அவர்களில் மிகச் சிலருக்குத்தான் அது வேலையைக் கெடுக்கும் அளவு போகும். திரும்ப வருவதைவிட இதுதான் இன்றைய பெரிய தலைவலி.

பிறகு விந்துக் கயிற்றைச் சுற்றி விரலை விட்டுத் தூக்கி, ஒரு நாடாவால் ஒதுக்கிப் பிடிப்பார்கள். விதைக்குப் போகும் ரத்தக்குழாயும் விந்துக் குழாயும் அதற்குள்தான். மறைமுகப் பை என்றால் அந்தக் கயிற்றுக்குள் முன்பக்கம் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிய்க்காமல் உரித்து உள்வாய் வரை கொண்டுபோய், குடலை உள்ளே அனுப்பி, பையைக் கட்டி வெட்டுவார்கள் அல்லது அப்படியே உள்ளே தள்ளிவிடுவார்கள். நேரடி வகை என்றால் பை கயிற்றுக்குப் பின்னால் இருக்கும், அமுக்கி ஒரு தையல் போட்டாலே படுத்துவிடும். தொடைக் குடலிறக்கம் கூடவே ஒளிந்திருக்கிறதா என்றும் ஒரு விரல் பார்த்துவிடும்.

இனி வலை. பாலிபுரோப்பிலின் இழையில் பின்னியது, ஏறக்குறைய 7க்கு 15 சென்டிமீட்டர். மறைவிட எலும்பைத் தாண்டி 2 சென்டிமீட்டர் படிய வேண்டும்; பாதித் தோல்விகள் இந்த முனையில் சிக்கனம் பிடித்ததால்தான் என்று எங்கள் அறுவை மருத்துவர் ஒருவர் எப்போதும் சொல்வார். எலும்பின் மேலுறையில் ஊசி ஏறக்கூடாது, ஏறினால் வலி. கீழோரத்தைக் கவட்டை நாரோடு தொடர் தையலாகத் தைத்து, மேல் முனையைப் பிளந்து இரண்டு வாலாக்கி, கயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்து ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றிப் போடுவார்கள். கயிறு நெரிபடாத அளவு இடம் விடவேண்டும், வலை விறைப்பாக இல்லாமல் லேசாகத் தொய்ந்திருக்க வேண்டும். படுத்திருக்கும் வயிறு நின்றால் முன்னால் தள்ளும் அல்லவா. பிறகு நார்த்தகட்டை மூடி, கொழுப்பை மூடி, தோல். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம்.

வலை என்றதும் பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. மகாராஷ்டிரத்தின் கிராமப்புற அறுவை மருத்துவர்கள் கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கிப் பயன்படுத்திக் காட்டினார்கள். உகாண்டாவில் 302 ஆண்களுக்கு மலிவு வலையையும் விலை கூடிய வலையையும் போட்டு ஒப்பிட்ட ஆராய்ச்சி 2016ல் வந்தது. ஒரு வருடத்தில் மலிவு வலைக்காரர்களில் ஒருவருக்குத்தான் திரும்ப வந்தது, மற்ற வலையில் யாருக்கும் இல்லை. வலையின் விலையைவிட வைக்கிற கை முக்கியம். ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டுக் கொசுவலையோடு ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள்.

துளை வழி

தொப்புளருகே ஒரு பெரிய துளை, கீழே இரண்டு சிறிய துளைகள், உள்ளே கேமரா. முழு மயக்கம் வேண்டும். வயிற்றுக்குள் நுழைந்து உறையைத் திறந்து செய்வது ஒரு முறை, வயிற்றுக்குள் நுழையாமல் தசைக்கும் உறைக்கும் இடையில் காற்றடித்து இடம் பிடிப்பது இன்னொரு முறை. இரண்டிலும் குறைந்தது 10க்கு 15 சென்டிமீட்டர் வலையைச் சுவருக்கு உள்பக்கம் வைப்பதால், வயிறு முக்கும்போது அந்த அழுத்தமே வலையைச் சுவரோடு ஒட்டவைக்கும். நேரடி, மறைமுக, தொடை மூன்று வாயும் ஒரே வலையில் மூடும். வலி குறைவு, வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம். இரண்டு பக்கமும் இருப்பவர்களுக்கும், முன்பு திறந்து செய்து திரும்ப வந்தவர்களுக்கும், பெண்களுக்கும் இது மேல். அறுவை மருத்துவருக்கு நல்ல பழக்கம் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. "எது நல்லது டாக்டர்?" என்று கேட்பதைவிட "நீங்கள் எதை அதிகம் செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.

தொப்புளில் ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்தால் தையல் மட்டும் போதும், அதற்கு மேல் வலை. தழும்பில் பெரிதாகக் கிழிந்திருந்தால் தசை அடுக்குகளைப் பிரித்து நகர்த்தி நடுவில் சேர்த்து, பின்னால் பெரிய வலை போடும் நீண்ட ஒப்பரேஷன். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிதான் சரி.

நடுராத்திரி ஒப்பரேஷன்

குடல் நெரிபட்டு வந்தால் முதலில் கத்தி இல்லை. மூக்கு வழியே குழாய் விட்டு வயிற்றைக் காலி செய்வார்கள், ரத்தக்குழாயில் உப்பு நீர், கிருமி மருந்து, சிறுநீர்க் குழாய். திறந்ததும் நெரித்த வளையத்தைத் தளர்த்துவதற்கு முன்பே குடலைப் பிடித்துக்கொள்வார்கள், விட்டால் கெட்டது உள்ளே நழுவிவிடும். வெதுவெதுப்பான உப்பு நீரில் நனைத்த துணியால் சுற்றிச் சில நிமிடம் காத்திருப்பார்கள். அறையில் யாரும் பேச மாட்டார்கள். நிறம் இளஞ்சிவப்புக்குத் திரும்பி, தட்டினால் புழுவைப் போல நெளிந்து, ஓரத்தில் நாடி துடித்தால் பிழைத்தது, உள்ளே அனுப்பலாம். கறுப்பாகவே கிடந்தால் வெட்டி இரண்டு முனையையும் சேர்ப்பார்கள். அழுக்கான இடத்தில் பெரும்பாலும் வலை வைக்க மாட்டார்கள், தையல்தான். ஆகவே திரும்ப வரும் வாய்ப்பும் கூடுதல்.

வீடு திரும்பிய பின்

அன்றைக்கோ மறுநாளோ அனுப்பிவிடுவார்கள். சிறுநீர் போகிறதா என்று பார்த்த பின்தான் வருவது. வயதான ஆண்களுக்கு அடைத்துக்கொள்வது சகஜம். அன்று மாலையே எழுந்து நடக்க வேண்டும். விதைப்பை கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போவதைப் பார்த்துப் பதறாதீர்கள், இரண்டு வாரத்தில் வடியும். பழைய வீக்கம் இருந்த இடத்திலேயே நீர் கட்டி "திரும்ப வந்துடுச்சு" என்று ஓடிவருபவர்கள் உண்டு. இருமினால் தட்டாது, சில வாரத்தில் தானாக உறிஞ்சிக்கொள்ளும், ஊசி குத்தி எடுக்க வேண்டாம். புண் சிவந்து சீழ் வந்தாலும், காய்ச்சல் அடித்தாலும், வீக்கம் வேகமாகப் பெரிதானாலும் உடனே போங்கள்.

பத்தியம் என்ற பெயரில் ஒரு மாதம் மிளகு ரசமும் சோறும் மட்டும் போடுவார்கள். தேவையில்லை. பப்பாளி, கீரை, நிறையத் தண்ணீர். முக்காமல் போவதுதான் பத்தியம். இருமும்போது தலையணையைக் கவட்டையோடு அழுத்திக்கொள்ளுங்கள்.

லேசான வேலைக்கு ஒன்று இரண்டு வாரம். மோட்டார் சைக்கிளை, திடீரென்று பிரேக் மிதித்தாலும் வலிக்காது என்ற நிலையில் தொடுங்கள். குலை தூக்குவதும் கைவண்டி தள்ளுவதும் 4 முதல் 6 வாரம் கழித்து. எம்.சி. என்ற மருத்துவ விடுப்பு முடிந்த அன்றே, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பழைய பாத்திக்கு அனுப்புவார், ஆகவே மருத்துவரிடம் 'லேசான வேலை' என்று எழுதிய கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். வேலையில் ஒரு குலையைத் தூக்கிய அந்தக் கணத்தில்தான் வலித்து வீங்கியது என்றால், அன்றைக்கே மண்டோரிடம் சொல்லி, நேரம், இடம், கூட இருந்தவர் பெயரோடு எழுதிவையுங்கள். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவுக்கு முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பல மாதம் கழித்துச் சொன்னால் நிரூபிப்பது கடினம்.

இரண்டு வாரம் கழித்துப் புண்ணைக் காட்டப் போகும்போது ஒரு தாள் கேளுங்கள்: எந்தப் பக்கம், எந்த வகை, திறந்தா துளை வழியா, வலை வைத்தார்களா. மறு பக்கம் பிற்காலத்தில் வரலாம், செய்த பக்கமே திரும்பலாம். முன்னால் திறந்து செய்திருந்தால் அடுத்த அறுவை மருத்துவர் சுவரின் உள்பக்கத்திலிருந்து துளை வழி போவார், துளை வழி செய்திருந்தால் முன்னால் திறப்பார். தழும்பேறிய பாதையில் மறுபடி நுழைந்தால் நரம்பும் விதையும் அடிபடும். அந்தத் தாளைப் பிறப்புப் பத்திரம் இருக்கும் பிளாஸ்டிக் உறையிலேயே போட்டுவையுங்கள். அப்பாவுடையது எங்கள் வீட்டில் இன்னும் அங்கேதான் இருக்கிறது.